எண்ணே உரைகல்

திருவள்ளுவரும் ஔவையாரும் எண்ணையும் எழுத்தையும் மக்களுக்குரிய இரு கண்களாகக் கூறினர். அவ்வாறு கூறுமிடத்து இருவருமே எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்தனர். எண்ணறிவு கணக்கர்க்கும் வணிகர்க்கும் மட்டும் உரியதன்று. கற்பார் அனைவர்க்கும் அது முதற்படி என்பதே அப்பெருமக்களின் கருத்தாகும்.

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்க்கு இவ்விரு கண்களும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. எண் நிற்க வேண்டிய இடத்தில் எழுத்தொன்று வந்து நிற்கிறது. 'தெரியாத எண் ஒன்று உளது. அதற்கு ய என்று பெயரிடுக' என்கிறார் ஆசிரியர். இதுவே இயற்கணிதம். கணக்கில் ஓரளவு தேறி வந்த மாணவரும் இவ்விடத்தில் கலங்கி நிற்பதுண்டு. 'எழுத்து வந்தது, கணக்கு விளங்காமற் போயிற்று' என்று அவர்கள் கூறுவர். உண்மையில் அவர்களை இடறச் செய்வது எழுத்தன்று. எழுத்தின் பின்னே மறைந்து நிற்கும் எண்ணே ஆகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பொருநையின் துணையாறான பச்சையாறு வளஞ் செய்யும் பகுதியில் அமைந்தது களக்காடு. நாங்குனேரி வட்டத்தைச் சார்ந்த இவ்வூர், சத்தியவாகீசுவரர் திருக்கோயிலாலும் வாழைத் தோட்டங்களாலும் பெயர் பெற்றது. ஏத்தன் முதலாய வாழைகள் இங்கே மிகுதியாக விளைகின்றன. தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தாரும் சீப்பும் காயும் எண்ணியே வளர்கின்றனர்.

இங்கே 12 தார்கள் விலைக்கு வந்தன என்று கொள்க. ஒவ்வொரு தாரின் எடையிலும் தண்டுக்காக 2 கிலோ கழிக்கப்படுகிறது. மொத்தக் கழிவு எவ்வளவு என்று தோட்டக்காரர் மகனைக் கேட்டால், அவன் இமைப்பொழுதில் 24 கிலோ என்பான். '2 கிலோதான்' என்று எவரேனும் சொன்னால் நகைப்பான். அதே சிறுவன் மறுநாள் வகுப்பில் 12(ய − 2) என்பதை விரித்தெழுதுங்கால், 12ய − 2 என்று எழுதிவிடுகிறான். சந்தையில் செய்யாத பிழையைக் கரும்பலகையில் செய்கிறான். அடைப்புக்குறிக்குள் இருப்பது தண்டு கழித்த ஒரு தாரின் எடை என்பதும், வெளியே நிற்கும் 12 தார்களின் தொகை என்பதும் அவனுக்குத் தோன்றுவதில்லை. தோன்றுமாயின் 12ய − 24 என்பதன்றி வேறொன்றை அவன் கை எழுதாது.

இந்நிலை களக்காட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டு ரெசிபே நகரில், தெருவில் பொருள் விற்ற சிறுவர் ஐவரின் கணக்கறிவை மூன்று அறிஞர் ஆராய்ந்து, 1985ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். விற்பனையின்போது எழுந்த கணக்குகளில் நூற்றுக்கு 98 அச்சிறுவரால் சரியாகப் போடப்பட்டன. அவையே வெறும் எண்களாகத் தாளில் எழுதித் தரப்பட்டபொழுது, சரியான விடைகள் நூற்றுக்கு 37 அளவுக்குக் குறைந்தன. கொல்கத்தா, தில்லி நகரங்களின் சந்தைச் சிறுவரிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்ளோ முதலியோர் செய்த ஆய்வு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவும் ஏறத்தாழ இதனையே கூறிற்று. பள்ளியில் மட்டும் பயின்ற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்னும் மறுபக்கத்தையும் காட்டிற்று. ஆகவே வாழ்க்கைக் கணக்கும் வகுப்புக் கணக்கும் இருவேறு கரைகளாக நிற்கின்றன. அவற்றை இணைக்கும் பாலமே பிள்ளைகளுக்கு வேண்டப்படுவது.

மாடிப்படி ஏறுவோன் ஒரு படியைத் தவறவிட்டால் அடுத்த படியில் கால் பாவாது. கணிதத்திலும் அவ்வாறே. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பெற்றன. தமிழகத்தில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில்தான் மீண்டும் பள்ளிக்கு வந்தனர். அக்காலத்தில் நான்காம் வகுப்பை வீட்டிலிருந்தே கழித்த குழந்தை, 2025ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பை அடைந்தது. பின்னமும் வகுத்தலும் மனத்தில் வேரூன்ற வேண்டிய பருவம் அது. அப்படி தவறியிருக்குமாயின், ஒன்பதாம் வகுப்பில் எத்துணை முறை இயற்கணிதத்தை விளக்கினும் அது நீர்மேல் எழுத்தாகவே முடியும்.

1/20, 1/16 என்னும் இரு பின்னங்களைக் கூட்டச் சொன்னால், மேலெண்களைக் கூட்டி 2 என்றும் கீழெண்களைக் கூட்டி 36 என்றும் எழுதும் மாணவர் உளர். 2/36 என்பது 1/18 ஆகும். அது 1/16ஐக் காட்டிலும் சிறியது. ஒன்றோடு மற்றொன்றைக் கூட்டிய பின் தொகை குறைவது எங்ஙனம்? இவ்வினா மாணவர் உள்ளத்தில் எழவில்லை என்பதே வருந்தத்தக்கது.

பழந்தமிழ்த் திண்ணைப் பள்ளியில் பயின்ற சிறுவன் இப்பிழையைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு 1/20 என்பது 'மா'. 1/16 என்பது 'மாகாணி'. மாகாணிக்கு 'வீசம்' என்றும் பெயருண்டு. கால், அரைக்கால், காணி, அரைக்காணி என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் வழங்கின. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நின்றது 'முந்திரி' என்னும் 1/320. கால் என்பது 80 முந்திரி. மாகாணி என்பது 20 முந்திரி. மா என்பது 16 முந்திரி. மாவையும் மாகாணியையும் கூட்டினால் 36 முந்திரி. அதாவது 36/320, சுருக்கினால் 9/80. இன்றைய வகுப்பில் 'பொதுப் பகுதி காண்க' என்று கூறப்படும் செயலை, அன்றைய சிறுவன் முந்திரி என்னும் ஒரு சொல்லால் முடித்தான். பின்னங்களைக் கூட்டுமுன் அவற்றை ஒரே அளவையாக்குதல் வேண்டும் என்னும் உண்மை அவனுக்கு நாவிலேயே நின்றது.

அவ்வறிவின் சுவடுகள் இன்றும் பேச்சு வழக்கில் உள்ளன. ஒரு செயல் பெரும்பாலும் முடிந்தது என்பதை 'முக்காலே மூன்று வீசம் முடிந்தது' என்பர். முக்கால் என்பது 12 வீசம். அதனோடு மூன்று வீசம் சேர்ந்தால் 15 வீசம். முழுமை பெற இன்னும் எஞ்சுவது ஒரு வீசமே. 'இம்மியளவும் பிசகவில்லை' என்பதும் அத்தகையதே. இம்மி என்பது நூலோர் வகுத்த மிகச் சிறிய பின்னங்களுள் ஒன்று. ஊர்ப் பெரியோர் நாவில் வழங்கும் இத்தொடர்களைக் கொண்டே ஒரு நாளைய பின்னப் பாடத்தை நடத்திவிடலாம்.

திண்ணைப் பள்ளியில் இவையனைத்தும் எண்சுவடியின் வாயிலாகக் கற்பிக்கப்பட்டன. பொன்னிலக்கம் என்பது எண்களையும் பின்னங்களையும் வரிசைப்படுத்தியது. நெல்லிலக்கம் தானிய அளவைகளைக் கூறியது. எண்சுவடி பெருக்கல் வாய்பாட்டைத் தந்தது. குழிமாத்து ஓர் எண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்கி வரும் தொகையை, அஃதாவது வர்க்கத்தை, உணர்த்தியது. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' நிலம், நெல், பொன் ஆகியவை பற்றிய கணக்குகளைச் செய்யுளால் இயம்பிற்று. இச்சுவடிகளை ஆராய்ந்த செந்தில்பாபு என்னும் அறிஞர், பழந்தென்னாட்டு எண்ணும் அளவும் பற்றிய ஆங்கில நூலொன்றை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டார். திண்ணைப் பள்ளி மாணவரின் மனப்பாடம் வெறும் கிளிப்பிள்ளைப் பாடமன்று. கணக்கை மனத்துள் இயக்கும் ஒரு பயிற்சியே என்று அவர் எடுத்துரைத்தார்.

அப்பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோர்க்குப் பாடஞ் சொல்வதும் உண்டு. 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றின் பொறுப்பை ஏற்றிருந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மணலெழுத்தையும், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் வழியையும் தம் பள்ளியில் கையாண்டார். 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவிற்று. பிறருக்குச் சொல்லிக் கொடுப்போன் தானும் தெளிவு பெறுகிறான் என்பது அதனால் விளங்கும்.

பழமையில் உள்ளன எல்லாம் போற்றத்தக்கன அல்ல. திண்ணைப் பள்ளியில் பிழை செய்த சிறுவன் பிரம்பாலும் கோதண்டத்தாலும் ஒறுக்கப்பட்டான். பெண்மக்கள் அங்கே அரிதாகவே இடம்பெற்றனர். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் பலருக்கு அத்திண்ணை எட்டாத உயரத்திலேயே இருந்தது. இன்று பள்ளியின் வாயில் அனைவர்க்கும் திறந்துள்ளது. ஆயினும் வாயில் திறந்திருந்தும் கணக்கு விளங்காமல் ஒரு பெண் கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருப்பாளாயின், அவளுக்கு அத்திண்ணை இன்னும் உயரமாகவே இருக்கிறது எனலாம். ஆதலின் அச்சத்தையும் விலக்கையும் நீக்கி, நாள்தோறும் எண்ணோடு பழகும் பழக்கத்தை மட்டும் கைக்கொள்ளுதல் வேண்டும்.

எண்ணில் தேர்ச்சியுற்றவர்க்கு எழுத்து எளிதாகும் என்பதற்கு வாழைத் தோட்டமே சான்று பகரும். ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் வாழைக்கன்று நடுவோர் உளர். ஒரு கன்றுக்கு வேண்டிய இடம் 36 சதுர அடி. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. வகுத்தால் 1,210 கன்றுகள் என்பது விளங்கும். இனி, இடைவெளியை ஓரடி கூட்டி ஏழடி ஆக்குவதாகக் கொள்க. (6 + 1)² என்பதை 6² + 1² என்று பிழையாக விரிப்பவன், ஒரு கன்றுக்கு 37 சதுர அடி என்று கருதி, ஏக்கருக்கு 1,177 கன்றுகள் வாங்கி வருவான். மெய்யாக வேண்டுவதோ 49 சதுர அடி. ஆதலின் ஏறத்தாழ 889 கன்றுகளுக்கே தோட்டத்தில் இடமிருக்கும். எஞ்சிய 288 கன்றுகள் வரப்பில் கிடந்து வாடும். பொருளும் வீணாகும்.

விடுபட்ட 12 சதுர அடி எங்கே இருக்கிறது? தரையில் ஆறடிச் சதுரம் ஒன்று வரைந்து, அதன் இரு பக்கங்களிலும் ஓரடி விரித்துப் பார்த்தால் அது கண்ணுக்குப் புலனாகும். பக்கத்துக்கு ஒன்றாக ஆறடி நீளமும் ஓரடி அகலமும் உடைய இரு பட்டைகள் உள்ளன. மூலையில் ஓரடிச் சதுரம் ஒன்று உள்ளது. 36 + 6 + 6 + 1 = 49. இதனையே எழுத்தால் கூறின் (ய + 1)² = ய² + 2ய + 1 ஆகும். அந்த '2ய' என்பது ஆசிரியர் கட்டளையால் வந்ததன்று. மண்ணில் கிடக்கும் இரு பட்டைகள் அது. ஏழேழ் நாற்பத்தொன்பது என்னும் வாய்பாடு நாவில் நிற்குமாயின், பிழையான விரிவு அவ்விடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

குறை எண்களில் இடர்ப்படுவோரும் பலர். 7 − (ய − 3) என்பதை 7 − ய − 3 என்று எழுதுதல் பரவலான பிழை. கி.பி. 628ஆம் ஆண்டில் 'பிரம்ம ஸ்புட சித்தாந்தம்' இயற்றிய பிரம்மகுப்தர், மிகை எண்ணைப் பொருள் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கொண்டு விதிகளை வகுத்தார். ஒருவனிடமிருந்து 3 ரூபாய்க் கடனை நீக்கினால் அவனுக்கு 3 ரூபாய் வரவாகிறது. கடன் கழிந்தால் அதுவே வரவு. எனவே கழித்தலுக்கு உள்ளே நிற்கும் 'குறை 3' வெளியே வருங்கால் 'மிகை 3' ஆகிறது. விடை 7 − ய + 3.

சமன்பாட்டை விடுவிக்கும்போது 'அப்பக்கம் போனால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்வோர், எப்பொழுது மாறும், எப்பொழுது மாறாது என்று அறியாமல் மயங்குவர். தராசை நினைத்தால் மயக்கம் நீங்கும். 3ய + 5 = 26 என்பது சமமாய் நிற்கும் தராசு. இரு தட்டிலும் 5 எடுத்தால் 3ய = 21. இரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்தால் ய = 7. ஒரு தட்டில் செய்ததை மறு தட்டிலும் செய்க என்பதே விதி; வேறில்லை.

இவ்வாறு செய்த விடை சரியோ தவறோ என்பதை அறிய ஆசிரியரின் சிவப்பு மையை எதிர்நோக்கி நிற்க வேண்டுவதில்லை. பொன்னின் மாற்றைக் காட்ட உரைகல் இருப்பது போல, இயற்கணித விடையின் மெய்ம்மையைக் காட்ட எண் இருக்கிறது. மேற்கூறிய 7 − (ய − 3) என்பதில் ய என்னும் இடத்தில் 5 வைத்துப் பார்க்க. 7 − 2 = 5. சரியான விரிவில் 7 − 5 + 3 = 5. பிழையான விரிவில் 7 − 5 − 3 = −1. பிழை தானே வெளிப்படுகிறது. உரைத்துப் பார்ப்பதற்குரிய எண்ணையும் எண்ணித் தேர்தல் வேண்டும். பூச்சியமும் ஒன்றும் நல்ல சாட்சிகள் அல்ல. அவை பிழைக்கும் சில வேளைகளில் ஒத்துப்பாடும். இரண்டும் அத்தகையதே, இரண்டும் இரண்டும் கூட்டினாலும் பெருக்கினாலும் நான்கே ஆதலின். மேலும், ஓர் எண்ணுக்குப் பொருந்தாதது பிழை என்பது உறுதி. ஓர் எண்ணுக்குப் பொருந்தியது அதனால் மட்டும் விதியாகிவிடாது. பிழையை விலக்க எண் வேண்டும். விதியை நிறுவ எழுத்து வேண்டும்.

இவ்விரண்டையும் இணைத்துக் கற்பித்த பெருந்தகை ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியாற்றிய பி. கே. சீனிவாசன் என்பார் அவர். கணித மேதை இராமானுசனைப் பற்றிய நினைவு மலர்களைத் தொகுத்தவரும் அவரே. எண்களின் அணிவகுப்பிலிருந்தே மாணவர் இயற்கணிதத்தைத் தாமே கண்டடைய வேண்டும் என்பது அவர் கொள்கை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே அதற்குப் போதுமான கருவி என்று காட்டினார். நாட்காட்டியில் சதுரமாய் அமைந்த நான்கு தேதிகளை எடுத்துக் கொள்க: 9, 10, அவற்றின் கீழே 16, 17. மூலைக்கு மூலை கூட்டினால் 9 + 17 = 26; 10 + 16 = 26. பெருக்கினால் 9 × 17 = 153; 10 × 16 = 160. வேற்றுமை 7. எந்தத் திங்களின் எந்தச் சதுரத்தை எடுத்தாலும் வேற்றுமை 7 ஆகவே வரும். 'ஏன்?' என்னும் வினா அப்போது மாணவர் உள்ளத்தில் தானே எழும். முதல் தேதியை ய என்று கொண்டால் மற்றவை ய + 1, ய + 7, ய + 8. ஒரு பெருக்கம் ய² + 8ய; மற்றொன்று ய² + 8ய + 7. எழுத்து எதற்காக வந்தது என்பது இப்பொழுது விளங்கும். எண்ணற்ற கணக்குகளை ஒரே வரியில் முடித்தற்கு வந்தது அது.

தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் இல்லம் தேடிக் கல்வியையும், 2022ஆம் ஆண்டில் தொடக்க வகுப்பினர்க்கு எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தையும் தொடங்கியது. 2025ஆம் ஆண்டில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளில் மொழியிலும் கணக்கிலும் அடிப்படை வலுப்பெற வேண்டிய மாணவர்க்கெனத் 'திறன்' என்னும் திட்டத்தையும் தொடங்கியது. திட்டம் வாய்க்கால் போன்றது. வாய்க்காலில் வரும் நீரை வயலுக்குப் பாய்ச்சுவது ஆசிரியரும் மாணவரும் செய்யும் அன்றாட உழைப்பே.

அவ்வுழைப்பு பெரிதும் அன்று. நாள்தோறும் பத்து நிமிடம் மனக்கணக்குக்கு ஒதுக்கினால் போதும். பதினாறாம் வாய்பாடு வரையிலும், இருபத்தைந்து வரையிலான எண்களின் வர்க்கமும், எளிய பின்னங்களும் நாவில் நிற்றல் வேண்டும். 98 × 102 என்பதைத் தாளின்றிச் சொல்லச் செய்தல் வேண்டும். 100ன் வர்க்கத்தில் 2ன் வர்க்கத்தைக் கழித்து 9,996 என்று சொல்பவன், இயற்கணிதச் சூத்திரம் ஒன்றைக் கைக்கருவியாக்கிக் கொண்டான். தேறிய மாணவர் தேறாதவர்க்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பிழை செய்த மாணவரை 'எவ்வாறு செய்தாய்?' என்று பரிவோடு வினவுதல் ஆசிரியர் கடன். நாடி பார்த்து நோயறியும் மருத்துவர் போல, எந்தப் படியில் கால் இடறிற்று என்று அறிந்து, அது நான்காம் வகுப்புப் படியாயினும் அங்கே இறங்கிச் சென்று கைபிடித்து ஏற்றுதல் வேண்டும். கீழே இறங்குவது மாணவர்க்கு இழிவன்று. ஆசிரியர்க்குக் காலக்கழிவும் அன்று.

கணக்கைக் கண்டு அஞ்சுவோர்க்குப் பத்தாம் வகுப்புக்குப் பின் பல வாயில்கள் அடைபடுகின்றன. அதனினும் பெரியது, பிறர் சொல்லும் கணக்கை ஆராயாமல் ஒப்பும் நிலை. கடன் பத்திரத்தில் வட்டியை எழுதுவோனும் தராசில் எடையைச் சொல்வோனும் பிறனாக இருக்க, தன் கையெழுத்தை மட்டும் இடுவோன் எழுத்தறிந்தும் ஒரு கண்ணை இழந்தவனே ஆவான். தான் செய்த கணக்கைத் தானே உரைத்துப் பார்த்து, 'இது சரி. இன்ன காரணத்தால் சரி' என்று நிமிர்ந்து கூறும் ஆற்றலே கணிதக் கல்வியின் பயன். களக்காட்டுத் தோட்டக்காரர் மகளும் மகனும் அவ்வாற்றலைப் பெறுதல் அரிதன்று. சந்தையில் அவர்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணறிவைப் பள்ளியின் எழுத்தோடு இணைத்துவிட்டால், இரு கண்ணும் ஒளிபெறும்.